அவையில் பேசியதும் ஏட்டில் எழுதியதும்
முஸ்லிம் கிறிஸ்தவ உரையாடல் பற்றிய ஆய்வு நூல்கள்

கி.பி. 781ஆம் ஆண்டையொட்டிப் பாக்தாத் நகரில் அப்பாசியக் கலீபா அல்-மஹ்தியின் அவைக்குக் கீழைத் திருச்சபையின் தலைவரான முதலாம் தீமோத்தேயு அழைக்கப்பெற்றார். வேந்தர் வினவினார், சமயத் தலைவர் விடையிறுத்தார். இரண்டு நாள் நிகழ்ந்த அவ்வுரையாடலில் கிறிஸ்தவர் கூறும் மும்மைக் கொள்கை, ஏசுநாதரின் தன்மை, வேத நூல்களின் நம்பகம், நபிகள் நாயகத்தின் நிலை ஆகிய யாவும் ஆராயப்பட்டன. தீமோத்தேயு சாமானியர் அல்லர். கலீபாவின் விருப்பப்படி அரிஸ்டாட்டிலின் தருக்க நூல் ஒன்றை மொழிபெயர்க்கும் பொறுப்பை ஏற்றவர். முஸ்லிம் கிறிஸ்தவ நல்லுறவைப் பற்றி எழுதும் அறிஞர் பலரும் இந்நிகழ்ச்சியைத் தொடக்கத்தில் வைத்துப் போற்றுவது வழக்கமாகிவிட்டது.

போற்றுதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நபிகள் நாயகத்தைப் பற்றி என்ன கருதுகிறீர் என்று கலீபா வினவியபோது, அவர் இறைத்தூதர்களின் வழியில் நடந்தவர் என்று தீமோத்தேயு புகழ்ந்தார். சிலை வணக்கத்தினின்று மக்களை விலக்கி ஒரே இறைவனிடம் திருப்பியதைப் பாராட்டினார். மற்றொன்று முத்து உவமை. இருண்ட வீட்டில் பலர் இருக்க, அவர்கள் நடுவே ஒரு முத்து விழுகிறது. ஒருவன் கையில் முத்து. மற்றவர் கையில் கண்ணாடித் துண்டு, கல், மண்கட்டி. எல்லாரும் தம் கையில் இருப்பதே முத்து என மகிழ்கின்றனர். பொழுது புலர்ந்தால்தான் உண்மை தெரியும்.

உவமை அழகியது. ஆயினும் அதனை எடுத்தாள்வோர் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்வர். ஏட்டில் உரையாடல் மேலும் செல்கிறது. முத்தை உடையவர் யார் என்பது இவ்வுலகில் அறியப்படாது என்று கூறுபவர் கலீபா. இல்லை, ஓரளவு அறியலாம், நற்செயல்களும் அற்புதங்களும் அதற்கு ஒளியாகும் என்று மறுப்பவர் தீமோத்தேயு. அஃதாவது, இன்றைய வாசகர் சமரச ஞானி எனக் கொண்டாடும் சமயத் தலைவர், முத்து தம் கையிலேயே இருக்கிறது என்று வாதிட்டவர். அடக்கத்துடன் பேசியவர் அரியணையில் இருந்தவரே. நபிகள் நாயகத்தைப் பற்றிய விடையிலும் இந்நுட்பம் உண்டு. தூதர்களின் வழியில் நடந்தார் என்றாரேயன்றித் தூதர் என்று அவர் கூறவில்லை. வேந்தரின் முன் பேசுபவர் தம் மனச்சான்றுக்கும் மாறாமல் அவைக்கும் குறை வராமல் தேர்ந்தெடுத்த சொல் அது.

இவற்றினும் முதன்மையானது வேறொன்று. இவ்வுரையாடலை நமக்குத் தருவது தீமோத்தேயு சிரியாக் மொழியில் எழுதிய கடிதம். கேள்விகளும் அவர் எழுதியவை. விடைகளும் அவர் எழுதியவை. கலீபாவின் தரப்பில் எழுதப்பட்ட குறிப்பு எதுவும் அறிஞர் கையில் இல்லை. இரண்டு குரல்கள் பேசிய அவை, ஒரு குரலின் ஏடாகவே வந்து சேர்ந்திருக்கிறது. முஸ்லிம் கிறிஸ்தவ உரையாடல் என்னும் துறையில் எழுந்த நூல்களை மதிப்பிட வேண்டுமாயின் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் வென்றார் என்பதன்று. யார் எழுதினார் என்பதே. எழுதப்பட்ட பக்கத்தைப் படிக்கும் மற்றவர், இதில் இருப்பவன் நான்தான் என்று ஒப்புவாரா?

இடைக்கால ஐரோப்பாவில் இக்கேள்வி எழவே இல்லை எனலாம். குளுனி மடத்துத் தலைவர் பீட்டர் தூண்ட, கெட்டன் ஊர் இராபர்ட் 1143இல் திருக்குர்ஆனை இலத்தீனில் பெயர்த்தார். மறுப்பதற்காகச் செய்த பெயர்ப்பு அது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, 1543இல், பாசெல் நகரில் அஃது அச்சேறியபோதும் நோக்கம் மாறவில்லை. கான்ஸ்டாண்டிநோப்பிள் வீழ்ந்த 1453ஆம் ஆண்டிலேயே சமய அமைதி குறித்து நூல் எழுதிய கூசா நிக்கோலாசின் துணிவு வியக்கத்தக்கது. எனினும் அவர் காட்டும் விண்ணக அவையில் எல்லாச் சமயத்தாரும் பேசி முடிவில் ஒப்புக்கொள்வது கிறிஸ்தவக் கொள்கைகளையே.

அதே பாசெல் நகரத்து மிஷன் பள்ளியில் பயின்று வந்தவர் கார்ல் ஃபாண்டர். "மீசானுல் ஹக்" என்னும் அவருடைய நூல் இஸ்லாத்தை மறுத்து எழுதப்பட்டது. பாரசீகத்திலும் உருதுவிலும் பரவியது. 1854 ஏப்ரலில் ஆக்ரா நகரில் அவருக்கும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவிக்கும் நிகழ்ந்த வாதம் இந்திய சமய வரலாற்றில் பெயர் பெற்றது. ஐந்து பொருள்கள் பற்றி வாதிப்பதென முன்னரே உடன்பாடு செய்துகொண்டனர். இரண்டு பொருளைத் தாண்டுவதற்குள் இரண்டாம் நாளோடு வாதம் முறிந்தது.

முறிந்ததன் காரணம் கருதத்தக்கது. ஃபாண்டர் தம் எதிரி பழைய முறையில் வாதிப்பார் என்று எதிர்பார்த்தார். ரஹ்மத்துல்லாஹ்வோ, டாக்டர் வஜீர் கானின் துணையோடு, ஐரோப்பிய அறிஞர்களே விவிலியப் பாடங்களை ஆராய்ந்து எழுதிய நூல்களைத் திரட்டி வந்திருந்தார். ஏடு பெயர்த்தெழுதியோரால் பாடவேறுபாடுகள் நேர்ந்தன என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடிப்படைக் கொள்கை அதனால் கெடவில்லை என்பது அவர் வாதம். ஒப்புக்கொண்டதே போதும், நூல் திரிந்தது என்பது நிறுவப்பட்டது என்பது மற்றவர் வாதம். ஒருவர் பாடவேறுபாடு என்றதை மற்றவர் திரிபு என்று கொண்டார். ஒரே உண்மைக்கு இருவர் இட்ட பெயர் வேறு. அப்பெயர்களுக்கு இடையே இருந்த தொலைவை அளக்க அவையில் ஒருவரும் இல்லை. ரஹ்மத்துல்லாஹ் பின்னர் அரபு மொழியில் இயற்றிய "இஸ்ஹாருல் ஹக்" இன்றளவும் முஸ்லிம் உலகில் எடுத்தாளப்படுகிறது. முஸ்லிம்கள் தரப்பில் அச்சேறிய வாதப் பதிவுகளையும், ஃபாண்டர் தம் சபைக்கு எழுதியவற்றையும் அருகருகே வைத்துப் படிப்போர், இவை ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவைதாமா என்று ஐயுறுவர். இங்கே ஏடு ஒன்றன்று, இரண்டு. ஆனால் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு.

இதன் பின் எட்டாண்டுகளே கழிந்த நிலையில், இடையில் 1857ஆம் ஆண்டின் பேரழிவும் நிகழ்ந்து முடிந்த நிலையில், சையது அகமது கான் செய்த முயற்சி எண்ணிப் பார்க்கத்தக்கது. அலிகார் கல்லூரி நிறுவியவர் என்றே அவரை உலகம் அறியும். 1862இல் காஜிப்பூரில் தம் சொந்த அச்சகத்திலிருந்து விவிலியத்துக்கு ஓர் உரையை வெளியிடத் தொடங்கினார். "தப்யீனுல் கலாம்" என்பது அதன் பெயர். ஒரு முஸ்லிம் அறிஞர் விவிலியத்தை மறுப்பதற்கன்றி விளக்குவதற்காக, உருதுவும் ஆங்கிலமும் அருகருகே நிற்க, அதிகாரம் அதிகாரமாக உரை எழுதியது அதற்கு முன் அந்நாட்டில் காணாத ஒன்று. வேதம் திரிந்தது என்னும் கூற்றை அவர் புறக்கணிக்கவில்லை, பிரித்துப் பார்த்தார். சொல்லைத் திரித்தல் வேறு, பொருளைத் திரித்துரைத்தல் வேறு. திருக்குர்ஆன் கண்டிப்பது பெரிதும் பின்னதையே என்று பழைய முஸ்லிம் உரையாசிரியர்களைச் சான்று காட்டி வாதிட்டார். ஆக்ராவில் எந்த முடிச்சு இறுகிற்றோ அம்முடிச்சிலேயே அவர் கை வைத்தார்.

உரை முற்றுப்பெறவில்லை. ஆதியாகமத்தின் தொடக்கப் பகுதிகளும் மத்தேயுவின் சில அதிகாரங்களுமே கிடைத்தன. இரு தரப்பிலும் அதற்கு வரவேற்பும் இல்லை. ஆட்சியாளரை மகிழ்விக்க எழுதியது என்று சொல்வோர் உண்டு. 1857க்குப் பின் முஸ்லிம்கள் மீது படிந்திருந்த ஐயத்தைப் போக்கும் நோக்கம் அவருக்கு இருந்திருக்கலாம்; அதனால் நூலின் தகுதி குறைவதில்லை. நோக்கம் தூயதாயிருந்தும் மற்றவர் நூலைத் திறந்தும் பாராத பலரைவிட, எந்த நோக்கத்துக்காகவேனும் எபிரேயம் கற்க முனைந்தவர் மேலானவர்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் ஒன்று தோன்றக்கூடும். இப்ராகீமும் ஆபிரகாமும், மூசாவும் மோசேயும், மரியமும் மரியாளும், யஹ்யாவும் யோவானும் ஒரே மொழியில், ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் வழங்கும் பெயர்கள். ஒருவர் நபி என்பதை மற்றவர் தீர்க்கதரிசி என்பர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் காலத்தால் பெரிதும் விலகியவை அல்ல. இரண்டும் பாலைநிலத்து வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தவை. எனினும் இவ்விரண்டையும் ஒருசேர வைத்து ஆராய்ந்த நூல்களைவிடத் தனித்தனியே பாராட்டிய நூல்களே மிகுதி. மொழி ஒன்றாயிருப்பது உரையாடலுக்கு வாயில் திறக்கும். உள்ளே நுழைவது வேறு வினை.

இருபதாம் நூற்றாண்டில் உள்ளே நுழைந்தவர் என்று எவரையேனும் சுட்டலாமாயின், பிரான்சு நாட்டு லூயி மசிஞோனைச் சுட்டலாம். 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட ஸூபி ஞானி ஹல்லாஜைப் பற்றிய அவருடைய பேராய்வு, சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து 1922இல் வெளிவந்தது. அதன் புலமையைப் பற்றி இரண்டு கருத்து இல்லை. இளமையில் சமய நம்பிக்கையை இழந்திருந்த மசிஞோன், மெசொப்பொத்தாமியாவில் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் விருந்தோம்பலில் இருந்த காலத்திலேயே தம் கிறிஸ்தவ நம்பிக்கையை மீண்டும் பெற்றார். இஸ்லாம் தமக்குக் கிறிஸ்துவைத் திருப்பித் தந்தது என்னும் நன்றியுணர்வு அவர் எழுத்து முழுதும் ஊடாடுகிறது. அல்ஜீரியப் போரின்போது முதிய வயதில் அந்நாட்டு மக்களுக்காகக் குரல் கொடுத்தவரும் அவரே. சொல்லிலும் செயலிலும் பிளவில்லாத மனிதர்.

ஆயினும் அவர் ஆய்வின் மீது முஸ்லிம் அறிஞர் சிலர் வைக்கும் குறை எளிதில் தள்ளத்தக்கதன்று. இஸ்லாமிய வரலாற்றின் ஓரத்தில் நின்ற ஒரு ஞானியை அவர் நடுவில் கொணர்ந்து வைத்தார். கொலைமரத்தில் மாண்ட ஹல்லாஜில் அவர் கண் சிலுவையையே கண்டது. 1934இல் எகிப்தின் தமியெத்தா நகரில், அசிசி பிரான்சிசு 1219இல் சுல்தான் அல்-காமிலைக் காணச் சென்ற அவ்விடத்தில், மேரி கஹீல் என்னும் அம்மையாரோடு சேர்ந்து அவர் ஏற்ற நோன்பு "பதலிய்யா" எனப் பெயர் பெற்றது. மற்றவருக்குப் பதிலாகத் தன்னை ஈதல் என்பது அதன் கருத்து. சொல் அரபுச் சொல். ஸூபி மரபில் "அப்தால்" என்னும் ஞானியர் பற்றிய கொள்கையும் உண்டு. ஆனால் ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது திருக்குர்ஆன் பலமுறை வலியுறுத்தும் நெறி. முஸ்லிம்களின் பொருட்டு மசிஞோன் செய்த மிகப் பெரிய ஈகை, முஸ்லிம்கள் தமது எனக் கொள்ள இயலாத ஒரு தத்துவத்தின்மேல் எழுந்தது. அன்பின் ஆழத்தை இது குறைக்காது. ஆனால் அன்பு வேறு, அறிதல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த கென்னத் கிராக் 1913இல் பிறந்து 2012 வரை வாழ்ந்தவர். 1956இல், சூயஸ் போர் மூண்ட அதே ஆண்டில், பாங்கொலி அழைக்கும் கோபுரத்தைத் தலைப்பாகக் கொண்ட அவர் நூல் வெளிவந்தது. பாங்கின் சொற்றொடர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இஸ்லாத்தை உள்ளிருந்து விளக்கும் அமைப்பு அதற்கு. மிஷனரிகளின் நூல்கள் பலவற்றில் இஸ்லாம் ஒரு வழக்கில் நிறுத்தப்பட்ட குற்றவாளி போலத் தோன்றும். கிராக்கின் நூலில் அது தொழுகையில் நிற்கும் ஒரு மனிதனாகத் தோன்றுகிறது. இம்மாற்றம் பெரிது. தொழுபவன் என்ன கருதித் தொழுகிறான் என்று கேட்கக் கிறிஸ்தவ வாசகரைப் பழக்கிய நூல் அது.

ஆனால் விளக்கம் முடிந்தபின் என்ன? முஸ்லிம்கள் தவறவிட்ட கிறிஸ்துவை அவர்களுக்கு மீட்டுத் தருவதே கிறிஸ்தவரின் கடமை என்கிறார் கிராக். இஸ்லாத்தின் உள்ளே உள்ள ஏக்கங்களை நுணுகிக் கண்டு, அவ்வேக்கம் நிறைவுறும் இடம் இஸ்லாத்துக்கு வெளியே இருக்கிறது என்று முடிப்பது அவர் முறை. 1984இல் நபிகள் நாயகத்தைப் பற்றி எழுதிய நூலிலும் இது மாறவில்லை. மக்காவில் துன்புற்ற தூதரை அவர் மனமார மதிக்கிறார். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் ஆட்சி ஏற்ற தூதரின் முன் தயங்கி நிற்கிறார். துன்பத்தை ஏற்ற ஏசுநாதரோடு ஒப்பிடுகிறார். முஸ்லிம்கள் தம் ஆண்டுக் கணக்கையே ஹிஜ்ரத்திலிருந்து தொடங்குகின்றனர். எந்த நிகழ்ச்சியை ஒரு சமுதாயம் தன் பிறப்பாகக் கொண்டாடுகிறதோ அதனையே இடறலாகக் காண்பவர், அச்சமுதாயத்தை உள்ளிருந்து கண்டார் என்று எங்ஙனம் சொல்வது? ஒரு கோலால் மற்றொன்றை அளந்த குறை இது.

இக்குறை ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதன்று. யாஃபா நகரில் பிறந்த பாலஸ்தீன அறிஞர் இஸ்மாயில் ஃபாரூக்கி, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இறையியலை முறையாகப் பயின்று 1967இல் கிறிஸ்தவ அறவியல் பற்றிப் பெருநூல் எழுதினார். முஸ்லிம் ஒருவர் மேலைப் பல்கலைக்கழகத்துள் அமர்ந்து, மூல நூல்களைக் கற்று, கிறிஸ்தவத்தை ஆய்வுப் பொருளாக்கியது புதுமை. நெடுங்காலம் ஆராய்பவர் மேலையரும் ஆராயப்படுபவர் கீழையருமாய் இருந்த வழக்கை அது திருப்பிப் போட்டது. எச்சமயத்துக்கும் பொதுவான அறிவு நெறிகளைக் கொண்டு மதிப்பிடுவதாக அவர் முன்னுரைக்கிறார். நூலைப் படித்துச் செல்லச் செல்ல, அப்பொது நெறிகள் இஸ்லாத்தின் நெறிகளோடு வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பது புலனாகும். ஏசுநாதரின் அறம் உயர்ந்தது. பவுல் முதலானோர் அதனைக் கெடுத்தனர் என்பது அவர் முடிவு. கிராக்கின் கண்ணில் இஸ்லாம் நிறைவுறாத கிறிஸ்தவம். ஃபாரூக்கியின் கண்ணில் கிறிஸ்தவம் வழி தவறிய இஸ்லாம். இருவரும் பேரறிஞர், இருவர் நூலிலும் மற்றவர் தம் முகத்தைக் காண்பதற்கில்லை.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1952இல் இஸ்லாமிய ஆய்வுக் கழகத்தை நிறுவிய வில்பிரட் கேன்ட்வெல் ஸ்மித் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். ஒரு சமயத்தைப் பற்றிப் பிறர் கூறுவது, அச்சமயத்தார் ஆம் என்று ஏற்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நேர்மையான கோல்; ஆனால் கையாள எளிதன்று. எந்த முஸ்லிம் ஆம் சொல்ல வேண்டும்? ஹல்லாஜைப் போற்றுபவரா, அவரைத் தண்டித்தது சரி என்பவரா? எந்தக் கிறிஸ்தவர்? மேலும், சமயத்தார் தம் வரலாற்றைத் தாமே பிழைபட அறிந்திருப்பதும் உண்டு. அங்கே ஆய்வாளர் வாய்மூடி நிற்றல் தகாது. ஸ்மித்தின் கோல் பிறர் நம்பிக்கையைச் சொல்லுமிடத்தில் பயன்படும். வரலாற்றைச் சொல்லுமிடத்தில் பயன்படாது. இவ்வேறுபாட்டைப் பேணாமல் அக்கோலைப் பாராட்டுவோரும் பழிப்போரும் வீண் பூசலிடுகின்றனர். அதே மெக்கிலில் 1962இல் முதுகலைப் பட்டம் பெற்ற சையது முகம்மது நக்கீப் அல்-அத்தாஸ், 1978இல் கோலாலம்பூரில் வெளியான தம் நூலை மேலைக் கிறிஸ்தவத்தின் அண்மைக்கால நிலையிலிருந்தே தொடங்கினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. தம் சமயத்தின் நெருக்கடியைச் சொல்ல மற்ற சமயத்தின் நெருக்கடியை முதலில் கற்க வேண்டியிருந்தது.

மேற்கண்ட நூல்கள் யாவும் ஆராய்ச்சிகள். இவற்றால் இயலாததை ஒரு கதை நூல் செய்திருக்கிறது. கெய்ரோ நகரத்து மருத்துவர் முகம்மது காமில் ஹுசைன் எலும்பு அறுவை மருத்துவத்தில் வல்லவர். ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1954இல் அவர் அரபு மொழியில் எழுதிய "கர்யா ஸாலிமா", அநீதி இழைத்த ஊர் என்று பொருள்படும். தலைப்பு திருக்குர்ஆனின் சொல்வழக்கைத் தழுவியது. பொருளோ, எருசலேமில் ஏசுநாதரைச் சிலுவையில் அறைய முனைந்த அந்த ஒரு வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவரின் மிகத் திருநாளை, அச்சிலுவைச் சாவு நிகழவில்லை என்று நம்பும் ஒரு முஸ்லிம் தம் கதைக்களமாகக் கொண்டார். எகிப்திய அரசின் இலக்கியப் பரிசு 1957இல் அதற்குக் கிடைத்தது.

காமில் ஹுசைன் நுழைந்த வழியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏசுநாதர் கொல்லப்படவில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது நான்காம் அத்தியாயத்தின் 157, 158ஆம் வசனங்களுக்கு முஸ்லிம்கள் வழிவழியாகக் கொள்ளும் பொருள். இதில் அவர் மயிரிழையும் விலகவில்லை. ஆனால் அவ்வசனம் மறுப்பது முடிவைத்தான். கொல்ல வேண்டும் என்று மனிதர் துணிந்ததை அது மறுக்கவில்லை. அத்துணிவுதான் அவர் கதைப்பொருள். யூதரிடையே, சீடரிடையே, உரோமரிடையே என்று அவர் சென்று பார்க்கிறார். ஒவ்வொருவரும் தம் மனச்சான்றுக்கு மாறாக நடக்கக் காரணம் தேடிக்கொள்கின்றனர். ஒருவருக்குச் சமயம், ஒருவருக்குச் சட்டம், ஒருவருக்கு ஊரின் அமைதி. தனி மனிதனுக்கு மனச்சான்று உண்டு, கூட்டத்துக்கு இல்லை என்பது அவர் கண்ட உண்மை. சீடர் தம் ஆசிரியரை வலிமையால் மீட்கலாமா என்று வாதிடும் பகுதி நூலின் உயிர்நிலை. மீட்டால் அவர் போதனைக்கு மாறு. மீட்காவிட்டால் அன்புக்கு மாறு. எத்திசையில் திரும்பினும் குற்றம் விடாது.

ஏசுநாதர் கதையில் நேரே வந்து பேசுவதில்லை. நபியைக் கதாபாத்திரமாக்கக் கூசும் முஸ்லிம் மரபின் மரியாதை அது. கலையிலும் அது வெற்றியாகிவிட்டது. நடுவில் நிற்க வேண்டியவர் காணப்படாமையால் சுற்றி நிற்பவர் அனைவரும் வெளிச்சத்துக்கு வருகின்றனர். கிறிஸ்தவ வாசகர், இதில் எங்கள் கொள்கை இல்லை என்பார். எங்கள் வெள்ளிக்கிழமை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டார். முஸ்லிம் வாசகர், இதில் எங்கள் நம்பிக்கை மீறப்பட்டது என்று சொல்ல இடமில்லை. ஸ்மித்தின் கோல் ஒரு நூலிலேனும் இரு புறமும் பொருந்துமாயின் அது இந்நூலே.

குறை இல்லாத நூலன்று. உரையாடல்கள் சில இடங்களில் மேடைச் சொற்பொழிவாய் நீளுகின்றன. மருத்துவருக்கு மனோதத்துவம் விளக்கும் ஆசை மிகுதி. இதனினும் கருத வேண்டியது ஒன்றுண்டு. முஸ்லிமும் கிறிஸ்தவரும் சந்திக்கும் இக்களத்தில் மூன்றாமவரான யூதர் குற்றவாளியாக நிற்க நேரும் இடர் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கெய்ரோவில் எழுதியவருக்கு அவ்வழி எளிதாகவும் இருந்திருக்கும். அவர் அவ்வழி செல்லவில்லை. அநீதி இழைத்த ஊர் எருசலேம் மட்டுமன்று, மனிதர் கூடும் ஊர் எதுவாயினும் ஆகலாம் என்றே நூல் நடக்கிறது. ஏசுநாதரின் சாவுக்கு யூதர் அனைவரையும் பழிக்கலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம் அறிவித்தது 1965இல்தான் என்பதை நோக்க, அவர் நடுநிலை விளங்கும்.

இந்நூலை 1959இல் ஆங்கிலத்தில் தந்தவர் கென்னத் கிராக். தம் நூல்களில் செய்யாததை அவர் இங்கே மொழிபெயர்ப்பில் செய்தார்: மற்றவர் குரல் மற்றவர் குரலாகவே ஒலிக்க இடம் விட்டார். ஆயினும் இப்பொருள் பற்றிப் பின்னாளில் எழுதும்போது பழைய இயல்பு தலைகாட்டுகிறது. சிலுவையில் மனிதர் இழைத்த தீமை, ஏசுநாதர் மனமுவந்து ஏற்றது, இறைவன் அதன்மூலம் செய்த மீட்பு என மூன்று நிலைகளைப் பிரித்து, முதலிரண்டையும் முஸ்லிம்கள் ஏற்க இயலுமே என்று அவர் வழி காட்டுகிறார். பிரிவினை கூர்மையானது. ஆனால் காமில் ஹுசைன் அம்மாளிகையின் வாயிலில் நின்றது மேலே ஏறுவதற்கான முதற்படியாக அன்று. அவர் நிற்க விரும்பிய இடமே அது.

திருச்சபைகளும் உலமாக்களும் வெளியிட்ட அறிக்கைகளைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. 1965 அக்டோபர் 28இல் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்களின் இறைவணக்கம், தொழுகை, ஈகை, நோன்பு ஆகியவற்றை மதிப்போடு குறித்தது; நபிகள் நாயகத்தின் பெயரையோ திருக்குர்ஆனின் பெயரையோ குறிக்கவில்லை. தீமோத்தேயு 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே துணிந்து தொட்ட இடத்தைப் பொதுச்சங்கம் சுற்றிச் சென்றது. 2006 செப்டம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியில் ஆற்றிய உரை முஸ்லிம் உலகில் வருத்தம் விளைவித்தபின், 2007 அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய மடல், இறையன்பும் அயலார் அன்பும் இரு சமயத்துக்கும் பொது என்று கூறிற்று. மடலின் தலைப்பு மூன்றாம் அத்தியாயத்து 64ஆம் வசனத்திலிருந்து எடுத்தது. அவ்வசனம் அழைப்பது இறைவனுக்கு இணை வைக்காத ஒருமைக்கு. மடல் அழைப்பது அன்புக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற பாலத்தை இன்னும் நன்றாக விளக்கியிருக்கலாம். எனினும் பல்வேறு மரபைச் சேர்ந்த முஸ்லிம் அறிஞர் ஒருசேரக் கையொப்பமிட்டு விவிலிய வாசகங்களை மதித்து எடுத்துக்காட்டிய மடல், ரஹ்மத்துல்லாஹ்வின் நூற்றாண்டில் நினைக்கவும் இயலாதது.

இவ்வறிக்கைகளின் மெல்லிய மொழிக்கு அப்பால், 1976 ஜூனில் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெசியில் நடந்த கூட்டம் தனித்து நிற்கிறது. பேசுபொருள் மிஷனும் தஃவாவும். அஃதாவது தம் சமயத்துக்குப் பிறரை அழைத்தல். நல்லுறவுக் கூட்டங்கள் வழக்கமாகத் தவிர்க்கும் பொருள் அது. ஃபாரூக்கி தஃவாவின் இயல்பைப் பற்றிக் கட்டுரை படித்தார். முஸ்லிம் நாடுகளில் பணியாற்றிய கிறிஸ்தவர்களும் அமர்ந்திருந்தனர். அங்கே எழுந்த கடும் வாதம் மும்மைக் கொள்கை பற்றியன்று. மருத்துவமனையும் பள்ளியும் பற்றியது. பசித்தவனுக்கு உணவும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்து அவன் சமயத்தை மாற்றுவது தொண்டாகுமா என்று முஸ்லிம்கள் வினவினர். கிறிஸ்தவர் அக்குறையை மழுப்பவில்லை. தொண்டு அவ்வாறு பயன்படுத்தப்பட்டதற்கு வருந்தினர். கூட்டத்தின் அறிக்கை, அத்தகைய தவறான தொண்டு முறைகளை நிறுத்துமாறு திருச்சபைகளைக் கேட்டுக்கொண்டது. பிறரை இணங்க வைக்கவும் தாம் இணங்கவும் மனிதர்க்கு உள்ள உரிமையையும் ஏற்றது.

கிறிஸ்தவரின் மிஷன் ஆய்விதழ் ஒன்று அவ்வாண்டே கட்டுரைகளை வெளியிட்டது. பின்னர், 1982இல், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள இஸ்லாமிய நிறுவனம் அவற்றை நூலாக்கிற்று. இரு பதிப்பிலும் இருப்பவை அவையே: ஒவ்வொரு கட்டுரையின் பின்னும் எழுந்த வினாவும் மறுப்பும், சினந்து பேசிய இடமும் தயங்கிய இடமும், பேசியவர் பெயரோடு.